சேதராப்பட்டு, பன்னிரண்டாவது அடி

கம்பெனிக் கக்கூஸ் தொட்டிக்குக் குழி.
பன்னிரண்டாவது அடியில்
கலிவரதனின் ஜேசிபி
கறுத்த களிப்பாறையைப் புரட்டிப் போட்டது.

ஈரம் காயக் காய
ஏடு ஏடாய்ப் பிரிந்தது அது.
நடுவில் ஒரு சுருள்சிப்பி,
கடைசி அறையில் சேறு கல்லாகி.

இறங்கி வந்து நாக்கில் வைத்தான். உப்பில்லை.
ஒட்டிக்கொண்டு விட மறுத்தது.
எல்லாரும் சிரித்தார்கள்,
கிளீனர் தனவேலு தவிர.

போன ஐப்பசியில்
பிள்ளைச்சாவடியில் அவன் அடுப்படியைக்
கடல் கொண்டுபோனது.
மிச்சச் சுவரில் இன்னும் ஆடுகிறது காலண்டர்.

சிப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தெரிந்தவன் செருப்பை
வேறொரு வீட்டு வாசலில் கண்டவன்போல.

"இங்கயும் குடியிருந்திருக்கா?"

மேலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்:
இன்னும் மூணடி இறக்கு.