அவசரத் தொடர்பு எண்

ஜகார்த்தாவில், ராவாமாங்குனில்,
டயர்க் கடைக்கு மேல்மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை.
வாரம் ஐந்து நாள் அங்கேதான்
பாஞ்சாலிக்கு வாயாக இருக்கிறேன்.

இந்தியில் அழுதவள் யாரோ.
அவள் அழுகை ஆங்கிலமாகி, பின் எங்கள் மொழியாகித்
தாளில் வந்து சேரும்போது
உதடு ஏழு முறை அசைகிறது,
அசையோ பதினொன்று.
மிச்ச நாலை விழுங்க வேண்டும்.
விழுங்கத் தெரிந்தவளுக்குத்தான் இங்கே வேலை.

எங்கள் ஊர்த் தோல்பாவையில் அவளுக்குக் கணவன் ஒருவன்.
தொடரில் ஐவர் வரிசையாக வந்து நின்றபோது
ஒலிப்பதிவாளன் தெகு கண்ணாடிக்கு அப்பாலிருந்து
"ரெத்னோ அக்கா, இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்றான்.
தாளில் இருந்ததைச் சொன்னேன்.
சம்பளம் எபிசோடுக்கு,
கணவன்மார் கணக்குக்கு இல்லை.

இன்று சபை.
தங்க பெயின்ட் அடித்த தூண்கள்,
தரையைப் பார்க்கும் பெரியவர்கள்,
ஒவ்வொரு முகத்துக்கும் மும்முறை பாயும் கேமரா,
ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓர் இடி.
இடிகளுக்கு இடையே என் வரி:
"தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா,
என்னைத் தோற்ற பிறகு தன்னையா?"

பதின்மூன்று டேக்.
முள் சிவப்பைத் தொடுகிறது என்றான்.
கோபம் போதவில்லை என்றான்.
கடைசிச் சொல்லுக்கு முன்பே அவள் வாய் மூடிவிட்டது என்றான்.
மஃரிபுக்கு பாங்கு கேட்கவும் நிறுத்தினோம்.
வெள்ளை அங்கி போர்த்தித் தொழுதேன்.
மடித்து வைக்கும்போது போன் அதிர்ந்தது.

தெரியாத எண். இளம் ஆண் குரல்.
"சுகெங் உங்கள் கணவர்தானே?
ஆப்பில் வாங்கிய கடன். நாற்பது நாளாகக் கட்டவில்லை.
அவசரத் தொடர்பு எண் என்று
உங்களைத்தான் வைத்திருக்கிறார்."

வைத்திருக்கிறார்.

அந்தச் சொல்லைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது.
பிறகு கேட்டேன்,
இடி இல்லாமல், உதடு பார்க்காமல்:
"தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா,
முதலிலேயே என்னையா?"

எதிர்முனையில் மௌனம்.
அவனுக்குப் பின்னால்
வேறு வேறு பெயர்களை மிரட்டும் வேறு வேறு குரல்கள்.
"இபு... நீங்கள்... ஏழு மணி சீரியல்..."
"ஆமாம்."
"அம்மா உங்களுக்காக அழுவார்கள், இபு."
தொண்டையைச் செருமிக்கொண்டான்.
"வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள்.
இல்லையென்றால் உங்கள் போனில் உள்ள எல்லோருக்கும்
செய்தி போகும்."

சபை அப்படித்தான்.
தெரிந்தவர்களால் நிறைந்தது.

பதினான்காவது டேக்.
முள் சிவப்புக்குப் போகவே இல்லை.
தெகு கட்டைவிரலை உயர்த்தினான்:
"இதுதான் அக்கா! எங்கே வைத்திருந்தீர்கள் இதை?"

திரையில் புடவை வளரத் தொடங்கியது.
அது வளர்கிற நாலு நிமிஷமும்
எனக்கு வசனம் கிடையாது.
தாளைத் திருப்பிப் போட்டுக்
கடனை எபிசோடால் வகுத்தேன்.
மீதி வந்தது.