அறிவிக்க ஏதும் உண்டா

நான்காம் எண் சாவடியில் உட்கார்ந்து
டான்யூப் பாலத்துக்குச் சுங்கம் வாங்குகிறேன்.
லாரிக்கு ஒரு விலை, காருக்கு ஒரு விலை.
சவ ஊர்திக்கு இலவசமா என்று கேட்பவர்கள் உண்டு.
இல்லை.

சில்லறை எண்ணும் இந்த விரல்கள்
வயோலா வாசித்தவை.
சொன்னால், பெரிய வயலினா என்பார்கள்.
ஆமாம், பெரிய வயலின்.
கல்யாணத்துக்குக்கூட யாரும் கூப்பிடாத வயலின்.

தொண்ணூற்றேழு பிப்ரவரி.
ரொட்டிக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.
நாங்கள் நால்வர், கூரைமேல் செல்லோப் பெட்டி கட்டிய ஸ்கோடா,
வியன்னாவில் ஒரு போட்டி.
இதே பாலத்தின் அக்கரையில்
ருமேனியக் காவலர் பெட்டியைத் திறந்தார்.
நாற்பது கட்டு சிகரெட்.
செல்லோ?
ரூசேயில், அசெனின் கட்டிலுக்கு அடியில்,
கம்பளி போர்த்திக்கொண்டு.
"அங்கே இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்,
ஓட்டல் காசை யார் தருவது?" என்றான்.
நியாயமான கேள்விதான்.
ரும்யானா அவனை வில்லால் அடித்தாள்.
வில் முறிந்தது,
கூடவே நாங்களும்.

இருபத்திரண்டு வருடம்.
ரும்யானா வீட்டுத் தரகர் ஆனாள்;
காலி அறையில் கை தட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வாள்.
லூபென் மெத்தை விற்றான்.
அசென் குடைமிளகாய் வறுத்துப் புட்டியில் அடைத்தான்.
ஒரே ஊர். மீன் கடையில் எதிர்ப்பட்டால்
மீனைப் பார்ப்போம்.

போன சனிக்கிழமை, ஜியூர்ஜியு நகர மண்டபத்தில்
வாசிக்க வந்த குழுவுக்கு, நால்வருக்குமே, வயிற்றுப்போக்கு.
மேலாளர் நான்கு குழுக்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.
மேசை இழுப்பறையின் அடியில் லூபெனின் பழைய அட்டை.
ஐந்தாவதாகத்தான் நாங்கள்.

என் சாவடியில் பென்ச்சோ இருந்தான்.
என்னிடமே சுங்கம் வாங்கினான்.
வண்டியை ஓரங்கட்டி, பெட்டியைத் திற என்றேன் அசெனிடம்.
முகம் சிவந்து திறந்தான்.
செல்லோ இருந்தது.
அதன் கழுத்தோரம் ஆறு புட்டி குடைமிளகாய்.
"மண்டபக்காரருக்கு" என்றான்.
ரும்யானா தன் வில்லைப் பின்னிருக்கைக்கு மாற்றி வைத்தாள்.

முப்பத்தொரு பேர். இருமும் வெப்பக் குழாய்.
இரண்டாம் பகுதியில் அவள் வழக்கம்போல் ஓடினாள்,
நான் வழக்கம்போல் இழுத்தேன்.
லூபென் அவள் பின்னால், அசென் என் பின்னால்,
பத்து நொடியில் ஒரே பாட்டில் இரண்டு ஊர்கள்.
நின்றோம்.
"எங்கே தூங்குகிறாய்?" என்றாள், மேடையில், எங்கள் மொழியில்.
"நீ எந்த ரயிலுக்குப் போகிறாய்?"
மூன்றாம் வரிசையில் பல்கேரியம் தெரிந்த ஒருத்தி சிரித்துவிட்டாள்.
பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னாள்; அவர் பின்னால் சொன்னார்.
சிரிப்பு வரிசை வரிசையாக நடந்து
வாசற்காவலரிடம் போய்ச் சேரும் வரை
நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.
"முதலிலிருந்து" என்றான் அசென்,
கல்லறையில் பேசுகிறவன் குரலில்.

வில்லை உயர்த்திய ரும்யானா இறக்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
அரை மூச்சு.
ஸ்கோடா காலத்திலும் எனக்கு அவள் தராத அரை மூச்சு.
அதற்குள் நான் நுழைந்தேன்.
நடுவில் யாருக்கும் கேட்காத என் குரல்
அப்போதும் யாருக்கும் கேட்டிருக்காது.
ஆனால் மற்ற மூவரும் அதன்மேல் நின்றார்கள்,
பாலத்தின்மேல் நிற்பதுபோல்,
கீழே பார்க்காமல்.

வெற்றி என்று சொல்லமாட்டேன்.
கடைசியில் லூபென் ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டான்.
கைதட்டினார்கள்;
மேலாளர் ஏற்கெனவே ஒரு புட்டியைத் திறந்து
முன்வரிசைக்குக் கொடுத்திருந்தார்.

இரவு இரண்டு மணி. பென்ச்சோ குனிந்து,
"அறிவிக்க ஏதும் உண்டா?" என்றான், சிரித்துக்கொண்டு.
யாரும் பதில் சொல்லவில்லை.
ரும்யானா என் தோளில் வாய் திறந்து தூங்கினாள்,
அந்த மூச்சும் வேகம்தான்.

ஆறு மணிக்கு என் முறை.
முதல் லாரி. குளிர்ந்த லெவா
இடது விரல்நுனியில் தந்தி அறுத்த பள்ளத்தில் பட்டு
சுரீரென்றது.
ஒரு நாணயம் அதிகமாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.
லாரிக்காரர் எண்ணிப் பார்த்து
திருப்பித் தந்தார்.