பேய்ப் படப்பு

பீட்ரூட்டை வடிகட்டியதுமே தெரிந்துவிட்டது,
இது ரத்தமில்லை.
பதினோரு வருஷமாய் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி லேபில்
குழாய் குழாயாய்ப் பார்க்கிறவளிடம்
இந்த ரோஸ் கலர் செல்லாது.
ஒரு கரண்டி கருப்பட்டிப் பாகு,
அரை மூடி எலுமிச்சை.
கிண்டினேன்.
இப்போது சரி.
உறைவதற்குச் சற்று முந்தைய நிறம்.

பிளஸ்வினுக்கு ஏழு முடிகிறது.
போன வருஷம் டைனோசர், அதற்கு முன்னால் போலீஸ்.
இந்த வருஷம்,
"பேய் பர்த்டேம்மா. எல்லாவனும் பயந்து
ஒண்ணுக்குப் போயிரணும்."

தை மாசம் கைகொடுத்தது.
டவுன் மார்க்கெட்டில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு,
இருபத்தஞ்சு விரல்.
அவித்து, தோலுரித்து,
நுனிக்கு ஒரு பாதாம் நகம்,
கணுவுக்குக் கத்தியால் மூன்று கீறல்.
மஞ்சள் போட்டு அவித்ததில்
குளிப்பாட்டிக் கிடத்திய கைபோல இருந்தது.
கொஞ்ச நேரம் என் கையை
அதன் பக்கத்தில் வைக்காமல் வேலை செய்தேன்.

காடை முட்டைக்குக் கறுப்புத் திராட்சை கருவிழி.
ஆளுக்கு ரெண்டாக முப்பத்திரண்டு கண்.
ஒன்று மட்டும் மாறுகண்.
திருத்தவில்லை,
பேய்க்கும் பார்வைக்கோளாறு வரலாமில்லையா.

இடியாப்பம் ஒரு ஈடு குழைந்துபோனது.
மூளை என்று பேர்வைத்தேன்.
சிலந்திக்குக் கருப்பட்டி மிட்டாய் உடம்பு,
காரச்சேவு கால்.
எட்டு ஒட்டினால் ஆறுதான் நிற்கிறது.

"கோயிலுக்குப் போற குடும்பம்,
பேய்க்குப் பந்தி வைக்கியே" என்றார் எட்வின்,
ஒரு விரலை நகத்தோடு மென்றுகொண்டு.

விளக்கை அணைத்து,
சிவப்பு பலூனுக்குள் போன் வெளிச்சம் விட்டு,
தட்டுகளைக் கொண்டுவந்தோம்.
ஒரு நொடி.
அப்புறம் யாரோ கத்தினான்,
"ஏல, பனங்கிழங்குலே!"
அவ்வளவுதான்.
நஸ்ரின் நாலு கண்ணைத் தின்றுவிட்டு
மிளகுத்தூள் கேட்டாள்.
பிளஸ்வின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அந்த இசக்கிராஜா,
பின்னால் கையைக் கட்டி நின்றவன்,
"எச்சி பண்ணாதீங்கலே. இன்னும் படைக்கல" என்றான்.

அவன் அப்பா ஆத்தங்கரைச் சுடலைக்குச் சாமியாடுகிறவர்.
"கொடை அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு
சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவாரு.
திரும்பி வரயில
எதுக்க யாரும் நிக்கக்கூடாது."
மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

தட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்,
டூட்டி டாக்டர் வார்டு பார்ப்பதுபோல.
"முட்டை இருக்கு. சுருட்டு எங்க ஆன்ட்டி?"
வீட்டில் சுருட்டு ஏது?
சாக்லேட் குச்சி பிஸ்கட்டை எடுத்துக் காட்டினேன்.
யோசித்தான்.
"சின்னப்பிள்ளைய படைக்கதுதான. ஒத்துக்கிடும்."

ஒரு காகிதத் தட்டு.
ஒரு விரல், அந்த மாறுகண்,
கிள்ளி எடுத்த மூளை, பிஸ்கட் சுருட்டு,
சுற்றி மூன்றுதரம் என் ரத்தம்.
படியிறங்கி, லிப்ட் ஓடாத அந்த மூலையில்
வைத்துவிட்டு நிமிர்ந்தான்.
"யாரும் திரும்பிப் பாக்காம ஏறுங்க."

பதினாறு பிள்ளைகள்
செருப்புச் சத்தம்கூட இல்லாமல் மூன்று மாடி ஏறினார்கள்.
பிளஸ்வின் என் சுண்டுவிரலை
எலும்பு நோகப் பிடித்திருந்தான்.
முகமெல்லாம் பல்.

பத்தரை மணிக்குக் குப்பையைக் கொட்ட இறங்கினேன்.
தட்டு அங்கேயே இருந்தது.
விரல் இருந்தது, எறும்பு மொய்த்த மூளை இருந்தது,
பிஸ்கட் நமுத்துக் கிடந்தது.
கண் இல்லை.

பூனை. வாட்ச்மேன்.
முட்டையை எலிகூட உருட்டும்.
காரணம் எழுதப் பழகினவள் நான்,
மூன்றையும் வரிசையாய் எழுதிக்கொண்டேதான் ஏறினேன்.
வீட்டுக்கதவைத் தாழ்ப்போட்ட பிறகு பார்த்தால்
குப்பைப் பை
இன்னும் கையில் தொங்குகிறது.