எச்சில் மாதிரி

பதிவேட்டில் 'ஆ' என்று போட்ட கட்டங்கள்
மாதம் முடிவதற்குள் நிரம்பிவிடும்.
'பெ' கட்டங்களுக்கு வரும்போது
பேனா எழுதவில்லையோ என்று
உதறிப் பார்த்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் சளிப் பரிசோதனை அறை.
இரண்டு ஜன்னல், ஒன்று திறக்காது.
திறக்கிற ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்துமிடம்.
அதன் ஓரம்தான்
காறித் துப்ப ஒதுக்கிய இடம்.

டில்லிபாபு துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவன்.
மூடியைப் பல்லால் திருகாதே என்பதற்குள் திருகிவிட்டான்.
இடுப்பில் கை வைத்து
எண்ணூர் சாலையில் கியர் மாற்றுவதுபோல
அடிவயிற்றிலிருந்து ஒரு இழுப்பு.
மஞ்சளாய், கெட்டியாய்,
பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படியொரு சளி.
கண்ணாடித் தகட்டில் சிவப்புக் குச்சிகள்,
தேர்க் கூட்டம்.

அவனுக்குப் பின்னால் தேசம்மா.
காசிமேட்டில் மீனைக் கூறு போட்டு விற்கிறவள்.
ஏலத்தில் அவள் குரல்
ஐஸ் அரைக்கிற சத்தத்தையே அமுக்கும்.
இங்கே
முந்தானையை வாய்க்கு மேல் இழுத்து
சுவர்ப் பக்கம் திரும்பி
பூனை தும்முகிற அளவுக்கு ஒன்று.
டப்பாவில் நுரை, வெள்ளைத் தண்ணீர்.
அதையும் தடவினேன், சூடு காட்டினேன், சாயம் ஊற்றினேன்.
நூறு வட்டம் நகர்த்திப் பார்த்தேன்.
நீலம். நீலம். வெறும் நீலம்.
'கிருமி இல்லை' என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
என் கையெழுத்துதான்.

மாதக் கூட்டத்தில் அதிகாரி சொன்னார்:
எல்லா ஊரிலும் ஆண்களுக்குத்தான் கூடுதல்,
பெண் உடம்பின் வாகு அப்படி.
பொய்யில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பக்கத்து பாரில்
காற்றுப் புகாமல் நாற்பது பேர்
ஒருவன் விட்ட மூச்சை ஒருவன் இழுத்துக்கொண்டு
புகைக்குள் உட்கார்ந்திருப்பதை
நானே பார்த்திருக்கிறேன்.

நாலு மாதம் கழித்து
தேசம்மாவை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள்.
முப்பத்து மூன்று கிலோ.
அன்று மூடியைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை,
டப்பா வெளியிலிருந்தே சிவப்பு.
ஓட்டேரிக்கு அனுப்பினோம்.
கூறு போடும் இடத்தில் இப்போது வேறொருத்தி.

அடுத்த செவ்வாய், யாரையும் கேட்காமல்
ஓடாத ஆம்புலன்ஸ் நிற்கிற பின்பக்கத்துக்கு
பெண்களை மட்டும் கூட்டிப் போனேன்.
"எச்சில் வேணாம், நெஞ்சுக்குள்ளருந்து வரணும்."
சையத் பீ முறைத்தாள்:
"ஆம்பள கணக்கா காறச் சொல்றியா?
வூட்ல இந்தச் சத்தம் கேட்டா
என் தட்டு தனியாப் பூடும்."
ரெஜினா மெதுவாகச் சொன்னாள்:
"எனக்கு சத்தமா இரும வராதுக்கா.
ஒரே ரூம்ல ஆறு பேரு.
புள்ள முழிச்சிக்கும்னு
தலகாணிய கடிச்சினே இருமி
அப்டியே பயகிப்போச்சு."

முகக்கவசத்தை இறக்காமலே
இருமிக் காட்டினேன்.
கூச்சமாகத்தான் இருந்தது.
மூச்சை இழு, பிடி, விடு,
மூன்றாவது தடவை விடும்போது தள்ளு.
யாருக்கோ சிரிப்பு வந்தது,
சிரிப்பு இருமலைக் கிளப்பியது,
ஆம்புலன்ஸ் தகரம் அதிர
ஐந்து பேரும் காறினார்கள்.
வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ரெஜினாவின் தகட்டில் இருந்தன,
சிவப்பாய், ஒல்லியாய், எண்ணக்கூடிய அளவில்.

அந்தக் காலாண்டு முடிந்ததும் தாள் வந்தது:
'பெண்களிடையே நோய் அதிகரிப்பு. விளக்கம் தேவை.'
எழுத உட்கார்ந்தேன்.
'பெ' இன்னும் 'ஆ'வை எட்டவில்லை.
மிச்ச வித்தியாசம்
ரத்தத்தில் இருக்கிறதா, பாரில் இருக்கிறதா,
இன்னும் இங்கே வராத ஒருத்தியின்
தலையணை உறையில் இருக்கிறதா,
எனக்குத் தெரியாது.

விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு
பழைய பக்கத்தைப் புரட்டினேன்.
முடிவை அடித்துத் திருத்த விதியில்லை.
ஆனால் தேசம்மாவின் வரியில்
'மாதிரியின் தன்மை' என்ற கட்டத்தை
அன்றைக்கு அவசரத்தில் காலியாக விட்டிருந்தேன்.
பென்சிலைச் சீவி
சின்னதாக எழுதினேன்:
எச்சில்.