லேபிள்

பெல்ஜியத்து எஞ்சின், பிரெஞ்சுத் தண்டவாளம்,
கரி மட்டும் எங்கள் வேல்ஸிலிருந்து.
நான் கார்டு. எனாக் பிளெவிட் ஃபயர்மேன்.
போகும்போது குண்டு ஏற்றிப் போவோம்.
திரும்பும்போது மனிதர்களை.

யார்டில் எனக்குப் பெட்டிக்குப் பெட்டி
லேபிள் பார்க்கிற வேலை.
எங்கிருந்து. எங்கே. என்ன சரக்கு.
லேபிள் உதிர்ந்த பெட்டி ஊர் ஊராய்ச் சுற்றும்.
ஒருமுறை வைக்கோல் கேட்ட லாயத்துக்கு
முள்கம்பி போய்ச் சேர்ந்தது.
குதிரைகள் முகர்ந்து பார்த்தன என்றார்கள்.

பதினாறாம் வருஷத்து ஜூலை.
ஆளுக்கு ஒரே தகடுதான் அப்போது,
அரைக்கிரௌன் அகலத்தில் சிவப்பு நார்த்தகடு:
எண், பெயர், பிரிவு, மதம்.
செத்தால் அதை அறுத்தெடுத்துப்
பதிவேட்டுக்கு அனுப்புவார்கள்.
பெயர் லண்டனுக்குப் போய்விடும்.
உடம்பு இங்கேயே கிடக்கும்.
இரண்டாவது தகடு ஒன்றும் வேண்டுமென்று
அலுவலகத்துக்குத் தோன்றியபோது
இலை உதிரத் தொடங்கியிருந்தது.

அந்த இரவு பதினோராம் பெட்டியில்
ஒருவன் வழியிலேயே அடங்கிப்போனான்.
கழுத்தில் வெறும் கயிறு.
பூட்ஸ் புதிது.
நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு மண்.
சட்டைப்பையில் பாதிப் பென்சில்,
நுனியில் பல் தடம்.

எனாக் இறங்கி வந்தான்.
முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை.
"இவனை எங்கே இறக்குவார்கள்?"
"யாருக்குத் தெரியும்? லேபிள் இல்லையே."
சொன்னது நான்தான்.
வாய்ப்பழக்கம், வேறொன்றுமில்லை.

அவன் தன் தகட்டைக் கழற்றினான்.
தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு, இரண்டு முறை.
பிறகு போய்க் கரி அள்ளினான்.
நீராவி குறைந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள்
செயின்ட் எர்த்தில் அவன் அம்மா கெசையா
ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள்.
அதற்கடுத்த வாரம்
கம்பளிக் காலுறை கேட்டு
அவன் கையெழுத்தில் கடிதம் வந்தது.
இரண்டு காகிதத்தையும் ஒரே பிஸ்கட் டின்னில் வைத்தாள்.
எதை முதலில் படித்தாலும்
மற்றதையும் எடுக்கவேண்டியிருந்ததாம்.

விசாரணையில் "தொலைந்தது" என்றான்.
பதினாலு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
புதுத் தகடு வந்தது, அதே எண்.
கழுத்து நமைக்கிறதென்று பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டான்.

உயிரோடிருக்கிறவன் பெயர் சிலுவையில் எதற்கு?
பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்.
முறைப்படி சரிதான்.

இருபத்திரண்டில் இருவரும் போனோம்.
மரச்சிலுவை போய்க் கல் வந்திருந்தது:
ஒரு படைவீரர். அவ்வளவுதான்.
நார் மட்கியிருக்கும் என்றேன் நான்.
"நான் போட்ட முடிச்சு அவிழாது" என்றான் எனாக்.
நான் கேட்டதற்கு அது பதிலில்லை.

பையில் ஒரு வெற்று லேபிள் கொண்டுபோயிருந்தேன்,
எங்கள் கம்பெனியுடையது, சரக்குப் பெட்டிக்கானது.
'எங்கிருந்து' என்ற இடத்தில்
பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.
'எங்கே' என்பதற்கு மட்டும்
அந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி
ரோஜாச்செடியில் கட்டினேன்.

தூறல் பிடித்தது.
நாலரைக்கு ரயில்.
எனாக் கடிகாரத்தைப் பார்த்தான்.