மூன்றாவது இடது

காலை ஆறு பத்து.
புந்தா அரேனாஸில் இன்னும் இருட்டு.
காற்று ஆளைத் தூக்கிவிடும் என்று
தெருமுனைகளில் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.
அதைப் பிடித்தபடிதான் வந்து சேர்கிறாள் எதெல்மீரா,
காலிப் பேருந்துக்கு.

முப்பத்தெட்டு இருக்கை. கேட்பாரில்லை.
அவள் போய் உட்காருவது மூன்றாவது இடது.
சக்கரத்துக்கு நேர் மேலே,
குழிக்குக் குழி எலும்பை எண்ணித் தரும் இடம்.
ஜன்னல் ரப்பர் வேறு கிழிந்திருக்கிறது.

ஏழு வருஷமாய்ப் பார்க்கிறான் ஓட்டுநர் நிபால்தோ.
மீன் ஆலைக்குப் போகும் யெர்கோவையும் பார்க்கிறான்:
வண்டியே காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு வருவான்.
கேட்டால் "பழக்கம்" என்பான்.
அது பதிலில்லை,
பதிலின் கதவைச் சாத்தும் சத்தம்.

எதெல்மீராவிடம் ஒருநாள் கேட்டேவிட்டான்.
"கடல் தெரியும்" என்றாள்,
யோசிக்கக்கூட இல்லை.

கடல் வலது பக்கம். அதுவும் இருட்டில்.
இடப்பக்கம் தெருவிளக்கில் தெரிவதெல்லாம்
தகரக் கூரைகள், டயர்க் கடை, கல்லறை மதில்.
நிபால்தோ ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றினான்.

பொய் என்று சொல்ல மாட்டேன்.
விருப்பம் முதலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.
காரணம்தான் மூச்சிரைக்க ஓடிவந்து
கையைக் காட்டி நிறுத்துகிறது,
பல சமயம் வேறு ஊர் வண்டியை.

நம் பேச்சில் "எனக்குப் பிடிக்கும்" என்கிறோம்.
எதை எது?
சளி பிடிக்கும், மழை பிடிக்கும், துருப் பிடிக்கும்,
வெண்டைக்காய் பிடிக்கும்.
அந்த வாக்கியத்தில் நானும் இருக்கிறேன்,
நான்காம் வேற்றுமையில் ஒடுங்கி,
பிடித்தவனாக அல்ல,
அகப்பட்டவனாக.

ஜூனில் புதுப் பேருந்து வந்தது.
மூன்றாவது இடதில் இருக்கை இல்லை;
சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய வெற்றிடம்,
சுற்றிலும் மஞ்சள் கோடு.
வலப்பக்கம் மெத்தென்ற இருக்கைகள் வரிசையாக.
எதெல்மீரா ஒருமுறை பார்த்தாள்,
கோட்டுக்குள் போய் நின்றாள்.
யெர்கோ என்ன நினைத்தானோ,
அன்று உட்கார்ந்தான்.

இரவு நிபால்தோ மனைவியிடம் கேட்டான்:
"அந்த நடனத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தோம்.
என்னை ஏன்?"
ஓர்ஃபெலினா உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்
"உன் காது" என்றாள்.

மறுநாள் சிவப்பு விளக்கில்
உட்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான்.
காதுதான். இரண்டு.
ஒன்றில் மயிர்.

கண்ணாடியைப் பழைய இடத்துக்குத் தள்ளும்போது
பாதிக் கோணத்தில் அது தெரிந்தது:
இடப்பக்க ஜன்னலின் கறுப்பில்,
டயர்க் கடைக் கூரைக்கு மேலே,
வலப்பக்க நீரிணையில் நிற்கும் கப்பலின் விளக்கு வரிசை
மெல்ல ஆடிக்கொண்டு.

அப்படியானால் அவள் சொன்னது,
ஏழு வருஷமும்

பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறான்.
எதெல்மீரா கம்பியைப் பிடித்து நிற்கிறாள்;
கண் திறந்திருக்கிறதா என்று
இங்கிருந்து தெரியவில்லை.