கொம்பு கழன்ற பெயர்கள்

மூன்று மணிக்கு வந்தார் சௌரிமுத்து.
லோரி ஓட்டிக் காய்த்த கையில் ஒரு பென் டிரைவ்.
"அஞ்சு மணிக்குள்ள மனு போகணும்மா.
வேர்டு ஆகாதாம்.
பிடிஎஃப்தான் வேணுமாம்."

நாற்பத்தோரு குடும்பம்.
தோட்டம் கைமாறிவிட்டது.
லயத்து வீட்டுக்கு மாற்று வீடு கேட்டு
பெயர், ஐசி எண், எந்த டிவிஷன்,
எத்தனை வருடம்.

சிலிம் ரிவரில் இந்த வரிசையில்
ஃபோட்டோஸ்டாட் கடை என்றால்
நானும் எதிரே ஆ லியோங்கும்தான்.
அவர் கணினியில் தமிழ் கிடையாது.

என்னுடையது நேற்றிரவு
என்னைக் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
காலையில் ஆபீஸ் பளிச்சென்று திறந்தது.
மேல்பட்டையில் அந்தச் சிவப்புப் பொத்தான்
இருந்த இடம் மட்டும் வழவழவென்று.
நாலு வருடம் அதைத்தான் அமுக்கினேன்,
பிடிஎஃப் ஒன்று அறுபது சென்.

விருப்பங்களுக்குள் போனேன், நீட்சிகளுக்குள் போனேன்,
ஆக அடியில் ஒரு சின்னப் பெட்டி:
முடக்கப்பட்டவை.
அங்கே இருந்தது,
பெரட்டுக்குப் பிந்தி வந்து
திருப்பி அனுப்பப்பட்ட ஆள் மாதிரி.
டிக் போட்டேன். மூடித் திறந்தேன்.
மறுபடி அதே பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

ஆபீஸ் இப்போது அறுபத்து நான்கு பிட்,
நீட்சி முப்பத்திரண்டு.
இதை எப்படிச் சொல்ல?
"புது லோரிண்ணே. பழைய லோரி கியர்பாக்ஸ்."
அவர் யோசித்தார்.
"மாட்டலாம்மா. தாங்கியெல்லாம் மாத்தணும்.
ஒரு நாள் வேலை."
மணி மூன்று இருபத்தைந்து.

சரி, நீட்சியே வேண்டாம்.
ஆபீஸுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறதே,
வேறு வடிவில் சேமி.
சேமித்தேன். சட்டென்று வந்துவிட்டது.
நான் தே ஓ கிளாஸை எடுத்தேன்.
அவர் கண்ணாடியை எடுத்தார்.

"இது யாரும்மா?"

பொன்னுருவியின் கொம்பு கழன்று
ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றது.
கொளஞ்சி, பெரியக்கா, செங்கேணி,
கொம்பு வைத்த பெயருக்கெல்லாம் அதே கதி.
மாரியும் வீராயியும் சின்னப்பனும் சேதமில்லை.
தன் பெயரை அவர் கடைசியில்தான் தேடினார்.
அதுவும் உடைந்துதான் கிடந்தது.

பழைய நீட்சி
எழுத்துருவையும் மூட்டைகட்டிக் கூடவே கொண்டுபோகும்.
இது வெறுங்கையோடு போய்
அகப்பட்டதை மாட்டிக்கொண்டிருக்கிறது.

"பொன்னுருவிக்கு ஐசியிலேயே புனோருபின்னுதான் இருக்கு,"
என்றார் சௌரிமுத்து.
"பொறந்தப்ப எழுதினவன் காதுல விழுந்தது அப்படி.
ஸ்கூல், பேங்கு, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் சத்தியக் கடுதாசி.
அதுக்கு உடைஞ்சு பழக்கம்."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"இதுல சரியா வரட்டுமே."

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினேன்.
கட்டங்கள் வீங்கின.
ஐசி எண்கள் இரண்டாய் மடிந்தன.
நாற்பத்தோராவது குடும்பம்
மூன்றாம் பக்கத்தில் ஒற்றை வரியாய்ப் போய் விழுந்தது.
ஓரத்தைக் குறுக்கினேன், எழுத்தை அரைப் புள்ளி இறக்கினேன்.
அவர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு
ஒவ்வொரு பெயராய் வாய்விட்டு வாசித்தார்.
கடைக்கு வந்த மலாய்ப் பையன் ஒருவன்
ஏதோ பூசை என்று நினைத்து வாசலிலேயே நின்றான்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போனது.
கோப்பு கிடைத்தது என்று
மலாயில் ஒரு வரி திரும்பி வந்தது.
அது யாரும் எழுதிய வரி அல்ல.

இரண்டு வெள்ளி நீட்டினார்.
அறுபது சென் போக மீதியைக் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
லோரியில் ஏறினார்.

ஷட்டரைப் பாதி இறக்கியபோது
ஆ லியோங் சாலையைக் கடந்து வந்தார்,
கையில் சீனக் கோயில் நன்கொடைப் பட்டியல்.
"உனக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான் போச்சா?"
பக்கம் முழுக்க,
ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம்
காலிப் பெட்டி, காலிப் பெட்டி.

ஷட்டரை மறுபடி ஏற்றினேன்.